விசிறிப் படகு: கடைமடைத் தண்ணீருக்கு ஒரு சிக்கனப் படகு

ஐப்பசி, கார்த்திகையில் கடைமடைப் பக்கம் தேங்கி நிற்கும் தண்ணீர் ஒரு ரெண்டுங்கெட்டான் தண்ணீர். நடந்து போக முடியாது, படகும் விட முடியாது. முட்டியளவு தண்ணீர், அதற்குக் கீழே முட்டியளவு சேறு. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, அப்புறம் கிளை கிளையாகப் பிரிந்துகொண்டே வரும் ஆறு, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களைத் தொடும்போது நிலம் கிட்டத்தட்ட தட்டையாகிவிடுகிறது. மழைத் தண்ணீர் வடிய நாளாகிறது. போதாக்குறைக்கு வடிகால் முழுக்க வெங்காயத்தாமரை, கரையோரம் நெய்வேலிக் காட்டாமணக்கு. மோட்டார் படகை இறக்கினால் தண்ணீருக்குள் சுற்றும் புரொப்பல்லரில் வேர் சுற்றிக்கொள்ளும். வேருக்குத் தப்பினாலும் சேற்றில் குத்தி எஞ்சின் நின்றுவிடும். கழி ஊன்றித் தள்ளலாம் என்றால் கழி சேற்றுக்குள் இறங்கிக்கொண்டே போகும்.

இந்த மாதிரித் தண்ணீருக்கென்றே இருப்பதுதான் ஏர்போட் என்கிற விசிறிப் படகு. அடிப்பாகம் தட்டை. பின்பக்கம் ஒரு ஸ்டாண்டின் மேல் எஞ்சின். எஞ்சின் சுற்றும் பெரிய விசிறி காற்றைப் பின்னால் தள்ள, படகு முன்னால் போகிறது. தண்ணீருக்குக் கீழே எந்தப் பாகமும் கிடையாது, அதனால் சிக்குவதற்கும் ஒன்றுமில்லை. 1905-லேயே அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் குழு கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இப்படி ஒரு படகைக் கட்டிப் பார்த்தது. அமெரிக்காவின் புளோரிடா சதுப்பு நிலங்களில் இன்றும் இது அன்றாட வண்டி. 2005-ல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது வீடுகளில் சிக்கிய மக்களை மீட்கவும் ஏர்போட்டுகள் போயின. அங்கே ஓடுபவை கார் எஞ்சினும் விமான எஞ்சினும் பூட்டியவை. நாம் பேசப்போவது ஒரு ஆள் உட்காரும் அளவு, பட்டறையில் கிடைக்கும் சாமானில் கட்டக்கூடிய சின்னப் படகு. கட்டுவதற்கு முன்னால் அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் பாதிக் காசு மிச்சமாகும். புரியாமல் இறங்கினால் எஞ்சினுக்கு மேல் எஞ்சின் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

காற்றைத் தள்ளுவது ஏன் கடினம்

தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி. கனமான பொருளைப் பின்னால் தள்ளினால் நல்ல பிடிமானம் கிடைக்கும். லேசான பொருளைத் தள்ளினால் கிடைக்காது. ஒரு 5.5 குதிரைத்திறன் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். பம்புசெட்டுக்கு வருகிற சின்னப் பெட்ரோல் எஞ்சின் இந்த அளவுதான். இழப்பே இல்லாத கணக்கில், 20 செ.மீ. விட்டமுள்ள புரொப்பல்லரை இது தண்ணீருக்குள் சுற்றினால் சுமார் 100 கிலோ உந்துவிசை வரும். அதே எஞ்சின் 1.2 மீட்டர் விட்டமுள்ள விசிறியைக் காற்றில் சுற்றினால் சுமார் 36 கிலோதான். நிஜத்தில் இரண்டுமே இன்னும் குறையும். விசிறிக்கு 20 முதல் 25 கிலோ வந்தால் நல்ல வேலை என்று சொல்லலாம்.

அதனால் முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆழமான, களையில்லாத ஆற்றில் ஓட்டத்தான் படகு வேண்டும் என்றால் விசிறிப் படகு வேண்டாம். அங்கே சாதாரணப் படகும், நீளமான தண்டின் முனையில் புரொப்பல்லர் உள்ள நீளத்தண்டு எஞ்சினும் பாதி எரிபொருளில் வேலையை முடித்துவிடும். விசிறிப் படகுக்கு அர்த்தம் இருப்பது முழங்கால் தண்ணீரிலும் தாமரை மண்டிய வடிகாலிலும்தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அதே எஞ்சினில் அதிக உந்துவிசை எப்படி வாங்குவது? கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிட, நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது லாபம். வேகமாகத் தள்ளும்போது எஞ்சினின் சக்தியில் பெரும்பகுதி படகைத் தள்ளாமல், பின்னால் ஓடும் காற்றோடு போய்விடுகிறது. கணக்காகச் சொன்னால், விசிறியின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் உந்துவிசை சுமார் 60 சதவீதம் கூடும். எஞ்சின் திறனை இரட்டிப்பாக்கினாலும் அதே 60 சதவீதம்தான் கூடும். 60 செ.மீ. விசிறியோடு 11 குதிரைத்திறன் எஞ்சின் தருவதை, 1.2 மீட்டர் விசிறியோடு 5.5 குதிரைத்திறன் எஞ்சின் தந்துவிடும். கையில் காசு குறைவாக இருப்பவர் மனப்பாடம் செய்ய வேண்டிய கணக்கு இது. பெரிய எஞ்சினுக்கு அலைவதற்கு முன்னால் விசிறியைப் பெரிதாக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரிய விசிறி என்றால் சுற்று குறைய வேண்டும். இந்த வகைப் பெட்ரோல் எஞ்சின்கள் நிமிடத்துக்கு 3600 சுற்றில் முழுத்திறன் தருபவை. 1.2 மீட்டர் விசிறியை நேராக அதன் தண்டில் மாட்டினால் எஞ்சின் திணறும், அந்தச் சுற்றுக்கே ஏறாது. எனவே புல்லி, பெல்ட் வைத்துச் சுற்றைக் குறைக்க வேண்டும். எஞ்சின் பக்கம் 3 அங்குலப் புல்லி, விசிறித் தண்டில் 6 அங்குலப் புல்லி, இரண்டு வி-பெல்ட். 3600 சுற்று 1800 ஆகிவிடும். விசிறித் தண்டை இரண்டு பிளம்மர் பிளாக் பேரிங் (ஸ்டாண்டில் போல்ட் போட்டு மாட்டும் கூடுள்ள பேரிங்) தாங்கும். மாவு மில்லுக்கும் கதிரடிக்கும் இயந்திரத்துக்கும் வேலை செய்கிற லேத் பட்டறையில் இதெல்லாம் புதிதில்லை. இரண்டு புல்லியும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், பெல்ட்டை இறுக்க எஞ்சின் அடியில் நீள்துளை வைக்க வேண்டும். அவர்கள் கேட்காமலே செய்து கொடுப்பார்கள்.

எந்த எஞ்சின்

எடைதான் இங்கே எல்லாம். 5.5 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் சுமார் 16 கிலோ. அதே திறனுள்ள பழைய டீசல் பம்புசெட் எஞ்சின் நூறு கிலோவைத் தாண்டும். வீட்டில் சும்மா கிடக்கிறது என்று அதைத் தூக்கி வைத்தால், படகு எஞ்சினைச் சுமப்பதற்கே ஓடும். பவர் டில்லர் எஞ்சினும் இதே கதைதான். பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின் டெல்டாவில் நிறைய உண்டு. எடை பரவாயில்லை, ஆனால் மண்ணெண்ணெயில் திறன் குறையும் என்பதால் பெட்ரோலிலேயே ஓட்டுங்கள். பழைய நூறு சி.சி. பைக் எஞ்சினிலும் செய்யலாம். ஆனால் அது ஓடும் வண்டியில் எதிர்க்காற்றில் குளிர்வதற்காகச் செய்யப்பட்டது. நின்ற இடத்தில் முழு ஆக்சிலேட்டரில் சூடேறிவிடும், அதற்குத் தனியாகக் காற்று வழி செய்ய வேண்டும். பம்புசெட் எஞ்சினுக்குள் குளிர்விக்கும் விசிறி ஏற்கெனவே இருக்கிறது. முதல் படகுக்கு அதுதான் சரி.

சீலிங் ஃபேன் இறக்கை வேண்டாம்

1.2 மீட்டர் என்றதும் எல்லோர் கண்ணும் மேலே போகும். வீட்டுச் சீலிங் ஃபேனும் 1200 மி.மீ.தான். தயவுசெய்து அந்த யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள். சீலிங் ஃபேன் நிமிடத்துக்கு 360 சுற்றுப் பக்கம் சுற்றுவது. நம் விசிறி 1800, அதாவது ஐந்து மடங்கு. இறக்கையை வெளியே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும் விசை சுற்றின் வர்க்கத்தில் கூடும், எனவே 25 மடங்கு. மெல்லிய தகடும் நான்கு ஸ்குரூவும் அதைத் தாங்காது. இந்த வேகத்தில் இறக்கையின் நுனி வினாடிக்கு 110 மீட்டருக்கு மேல் போகிறது. அது கழன்றால் எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மரத்தில் செதுக்கிய விசிறிதான் சிக்கனத்திலும் பாதுகாப்பிலும் நல்லது. ஒரே கட்டையாக இல்லாமல், முடிச்சோ வெடிப்போ இல்லாத உலர்ந்த பலகைகளை அடுக்கி எபாக்சிப் பசையால் ஒட்டி, அதிலிருந்து செதுக்க வேண்டும். ஒரு பலகையின் குறை இன்னொன்றுக்குப் போகாது, முறுக்கிக்கொள்ளவும் செய்யாது. செதுக்கி முடித்ததும் நடுத்துளையில் ஒரு வழவழப்பான கம்பியைக் கிடையாக நுழைத்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் கனமோ அது கீழே இறங்கும். அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் இழைத்துவிட்டு மறுபடி வையுங்கள். எப்படி வைத்தாலும் வைத்த இடத்திலேயே நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும். பொறுமை வேண்டும்தான், ஆனால் இதில் அவசரப்பட்டால் அதிர்வு பேரிங்கைத் தின்னும், வெல்டிங்கைப் பிளக்கும், கடைசியில் விசிறியையே உடைக்கும். செதுக்கத் தெரிந்த ஆசாரி கிடைக்கவில்லை என்றால், மற்ற எல்லாவற்றிலும் மிச்சம் பிடித்து விசிறியை மட்டும் பாராமோட்டார் (முதுகில் எஞ்சினும் விசிறியும் கட்டிக்கொண்டு பாராசூட்டில் பறக்கும் சாதனம்) விற்பவர்களிடம் வாங்கிவிடலாம். பணத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடங்கள் இரண்டுதான், விசிறியும் அதைச் சுற்றியுள்ள கூண்டும்.

இறக்கையின் சாய்வு சரியா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. முழு ஆக்சிலேட்டரில் எஞ்சின் அதன் 3600 சுற்றை ஒட்டி நிற்க வேண்டும். அதற்குக் கீழேயே முக்கினால் சாய்வு அதிகம். சிரமமே இல்லாமல் ஏறி இன்னும் மேலே போகப் பார்த்தால் சாய்வு குறைவு.

அடிப்பாகம்

கடையில் பிளைவுட் 8 அடிக்கு 4 அடி ஷீட்டாக வருகிறது. ஒரு முழு ஷீட்டை அடிப்பலகையாக வைத்து, இன்னொரு ஷீட்டைக் கிழித்துப் பக்கச் சுவரும் மேல் நோக்கி வளையும் முன்பகுதியும் செய்தால் ஒரு ஆள் படகு வந்துவிடும். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ளதுதான் தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளைவுட். ஐ.எஸ். 303 என்று இருப்பது வீட்டு அலமாரிக்கு. விலை குறைவுதான், ஆனால் தண்ணீரிலேயே கிடந்தால் அடுக்கு பிரியலாம்.

இந்த அடிப்பலகையின் பரப்பு கிட்டத்தட்ட 3 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தால் 30 லிட்டர் தண்ணீரை ஒதுக்கும், அதாவது 30 கிலோவைத் தாங்கும். மரமும் ரெசினும் சேர்த்து 40 கிலோ, எஞ்சின் 16, தண்டு, புல்லி, பேரிங் 12, ஸ்டாண்டும் கூண்டும் 20, விசிறி, சுக்கான், பெட்ரோல் எல்லாம் 10, ஓட்டுபவர் 65. மொத்தம் 163 கிலோ. முப்பதால் வகுத்தால் ஐந்தரை சென்டிமீட்டர். நான்கு விரற்கடைத் தண்ணீர் இருந்தால் இந்தப் படகு மிதக்கிறது! விசிறிப் படகின் அழகே இதுதான்.

வேகம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். இந்த நீளமுள்ள படகு தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும்வரை மணிக்கு 7 கிலோமீட்டர்தான் அதன் இயல்பான எல்லை. அதற்கு மேல் போக, தானே எழுப்பிய அலையின் மீது ஏறித் தண்ணீர் மேல் வழுக்க வேண்டும். அதற்கு மொத்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உந்துவிசை வேண்டும். நம் கணக்குக்கு 33 கிலோ. நம்மிடம் இருப்பது 25. ஆக இந்தப் படகு வேகமாக நடக்கிற ஆளுக்குக் கொஞ்சம் முன்னால் போகும், அவ்வளவுதான். உந்துவிசையை இரட்டிப்பாக்க எஞ்சின் திறனைக் கிட்டத்தட்ட 2.8 மடங்கு ஆக்க வேண்டியிருக்கும். எஞ்சின் பெரிதானால் எடை கூடும், எடை கூடினால் தேவை கூடும். அதனால்தான் எடையில் குறைக்கிற ஒவ்வொரு கிலோவும் காசு. 6 மி.மீ. பிளைவுட் போதும் என்கிற இடத்தில் 12 மி.மீ. போடாதீர்கள். வெள்ளத் தண்ணீரில் மருந்து, பால், அரிசி கொண்டுபோய்ச் சேர்க்க மணிக்கு 7 கிலோமீட்டர் தாராளம்.

மூட்டுகளை உள்ளும் புறமும் ஃபைபர் துணியும் ரெசினும் வைத்து மூட வேண்டும். பாலியெஸ்டர் ரெசின் மலிவு, எபாக்சி விலை கூடுதல். மரத்தை நன்றாகப் பிடிப்பது எபாக்சிதான். மூட்டுக்கு மட்டுமாவது எபாக்சி போட்டுவிடுங்கள். மூழ்காமல் இருக்க அடியில் தெர்மாகோல் அடைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாலியெஸ்டர் ரெசின் பட்டால் தெர்மாகோல் கரையும், பெட்ரோல் சிந்தினாலும் கரையும். அதைவிடச் சுலபமானது காலி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். மூடியை இறுக்கி வலையில் கட்டி, தளத்துக்கு அடியிலும் பக்கச் சுவர் ஓரத்திலும் அடுக்கினால் ஒவ்வொன்றும் ஒரு கிலோவைத் தாங்கும். படகில் தண்ணீர் புகுந்தாலும், இரும்புச் சாமான் எடைக்கு ஈடாக 60 பாட்டில் இருந்தால் படகு அடியில் போகாது.

ஓட்டுவதற்கு முன்

விசிறி தண்ணீர் மட்டத்துக்கு முக்கால் மீட்டருக்கு மேலே இருந்து தள்ளுகிறது. அந்த உயரத்தில் தள்ளும்போது படகின் மூக்கு கீழே அமுங்கப் பார்க்கும். எனவே மொத்த எடையின் மையம் படகின் நடுவிலிருந்து அரைச் சாணுக்குச் சற்று அதிகமாகப் பின்னால் இருக்கட்டும். இருக்கையை முன்பின் நகர்த்தும்படி வைத்தால் போதும். விசிறி ஒரு பக்கம் சுற்றும்போது படகு மறுபக்கம் சாயும் என்று பலர் பயப்படுவார்கள். இந்த அளவு எஞ்சினில் ஓட்டுபவர் மூன்று நான்கு சென்டிமீட்டர் ஒதுங்கி உட்கார்ந்தாலே அது சரியாகிவிடும்.

சுக்கான் இரண்டு தகடு, விசிறிக்குப் பின்னால் நிற்கும். விசிறிக் காற்று அதில் மோதினால்தான் படகு திரும்பும். புதிதாக ஓட்டுபவர்கள் தடுமாறுவது இங்கேதான். எதிரே மதகோ மரமோ வந்தால் கை தானாக ஆக்சிலேட்டரை விட்டுவிடும். விட்ட மறுநொடி சுக்கானுக்கு வேலையில்லை, படகு போன திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகும். பிரேக் கிடையாது, ரிவர்ஸ் கிடையாது. திரும்ப வேண்டும் என்றால் காற்று வேண்டும், காற்று வேண்டும் என்றால் எஞ்சின் ஓட வேண்டும். அதனால் சந்தேகமான இடத்தில் முதலிலிருந்தே மெதுவாகப் போங்கள், திருப்பும்போது கொஞ்சம் கொடுத்துத் திருப்புங்கள். அடியில் பிடிமானம் இல்லாததால் வாடைக்காற்று அடித்தால் படகு பக்கவாட்டில் நகரும். கையில் ஒரு கழி எப்போதும் இருக்கட்டும்.

கூண்டு இல்லாமல் எஞ்சினை ஒரு முறைகூட, சோதனைக்காகக்கூட ஸ்டார்ட் செய்யக் கூடாது. சுற்றிலும் பைப், முன்னும் பின்னும் வெல்டு மெஷ். மெஷ்ஷின் கண் வழியாகக் கை நுழையக் கூடாது, மெஷ்ஷும் விசிறியைத் தொடாத தூரத்தில் இருக்க வேண்டும். தோளில் துண்டு, அவிழ்த்துவிட்ட வேட்டி, துப்பட்டா, பின்னாத முடி, தொங்குகிற கயிறு எதுவும் படகில் வேண்டாம். விசிறி சுற்றும்போது அதன் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது, உடைந்த துண்டு அந்தப் பக்கம்தான் பறக்கும். எஞ்சினை நிறுத்தும் ஸ்விட்சில் ஒரு கயிறு கட்டி மறுமுனையை ஓட்டுபவர் இடுப்பில் மாட்டுங்கள். அவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு இழுத்து எஞ்சின் தானாக நிற்க வேண்டும். லைஃப் ஜாக்கெட்டும் காதுக்கு மூடியும் கட்டாயம். இந்த எஞ்சினும் விசிறியும் சேர்ந்து போடும் சத்தத்தில் கரையிலிருந்து கூப்பிட்டால் காதில் விழாது, கையசைப்பில் பேசிப் பழகிக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு ஆபத்து உயரம். படகு தண்ணீரில் நாலு விரல்தான் இறங்கும், ஆனால் கூண்டு அஞ்சடிக்கு மேலே நிற்கும். வாய்க்கால் நிரம்பி ஓடும்போது தென்னை மரத்தைப் போட்ட நடைபாலம் எத்தனை உயரத்தில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பம்புசெட்டுக்குப் போகும் மின்கம்பி சாய்ந்த கம்பத்திலிருந்து தொய்ந்து கிடக்கும். போகும் வழியை ஒரு முறை கரையோரமாக நடந்து பார்த்துவிட்டு அப்புறம் படகை இறக்குங்கள்.

சட்டமும் உண்டு. எஞ்சினால் ஓடும் உள்நாட்டுப் படகுகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2021-ம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் சொல்கிறது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள்ளும் கோடியக்கரைச் சரணாலயத்துக்குள்ளும் இதைக் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம். வனத்துறை அனுமதி ஒருபுறம் இருக்கட்டும், வலசைப் பறவைகள் வந்து இறங்குவதும் இதே மழைக்காலத்தில்தான், இந்தச் சத்தம் அவற்றைக் கலைத்துவிடும். நட்ட சம்பா வயலுக்குள்ளும் ஓட்டாதீர்கள். தட்டையான அடி பயிரைச் சாய்த்துக்கொண்டே போகும்.

முதல் ஓட்டத்துக்குச் சொந்த மீன்குட்டையோ, ஊராட்சியில் சொல்லிவிட்டு ஊர்க்குளமோ போதும். படகைப் பின்பக்கம் ஒரு கயிற்றால் கரையிலுள்ள மரத்தோடு கட்டி, கயிற்றுக்கும் மரத்துக்கும் இடையில் பழைய பேப்பர் கடைக்காரர் வைத்திருக்கும் கொக்கித் தராசை மாட்டுங்கள். மெதுவாக ஆக்சிலேட்டரைக் கூட்டினால் தராசு காட்டுவதுதான் உங்கள் உந்துவிசை. 20 கிலோவுக்குக் கீழே நின்றால் முதலில் பெல்ட் வழுக்குகிறதா என்று பாருங்கள், அடுத்து இறக்கையின் சாய்வு, அதற்கும் பிறகுதான் எஞ்சின். அந்தக் கயிற்றை அவிழ்க்கும் முன் இடுப்புக் கயிற்றை இழுத்து எஞ்சின் உடனே நிற்கிறதா என்று இரண்டு மூன்று தடவை பார்த்துவிடுங்கள்.